எழுத்துக்கும் லுக்மா வேண்டும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தலைமை இமாம் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

 

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் எழுத்து. அதிலும் குறிப்பாக, எழுதியதை வெளியிடும் முன் நாலு பேர் முன்னிலையில் படித்துக் காட்டித் திருத்தம் கேட்கும் வழக்கம். பள்ளிவாசல் மேடையில் இதற்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். நம் மஹல்லாவில் ஓராண்டில் எழுதப்படுபவற்றைச் சற்றே நினைத்துப் பாருங்கள். ஜுமுஆ அறிவிப்புகள், ஃபித்ரா வசூல் நோட்டீஸ், நிக்காஹ் அழைப்பிதழ், ஜனாஸா அறிவிப்பு, மக்தப் ஆண்டு விழா மலர், இதோ உங்கள் கைகளுக்கு வரவிருக்கும் ஆண்டறிக்கை, பயானுக்கான குறிப்புகள், இளைஞர்கள் எழுதும் கட்டுரைகள், கவிதைகள். இவற்றோடு ஒரு விரல் அசைவில் நூறு வீடுகளைச் சென்றடையும் வாட்ஸ்அப் செய்திகள். இத்தனையையும் எழுதியவர் ஒருவர். சரிபார்த்தவரும் அவரே. அனுப்பியவரும் அவரே. இடையில் இன்னொருவர் கண் அதில் படுவதே இல்லை. நம்மிடமுள்ள குறை இதுதான்.

இமாமையும் திருத்தும் மார்க்கம்

தொழுகையில் இமாம் ஓதும்போது ஓர் ஆயத்தில் தடுமாறினால், பின்னால் நிற்பவர் சரியானதை எடுத்துக் கொடுக்கிறார். இதனை லுக்மா கொடுத்தல் என்கிறோம். ரக்அத்தில் மறதி ஏற்பட்டால் ஆண்கள் 'சுப்ஹானல்லாஹ்' என்கிறார்கள். பெண்கள் கையைத் தட்டி உணர்த்துகிறார்கள். முன்னால் நிற்பவர் எத்துணைப் பெரிய ஆலிமாக இருந்தாலும் சரி, பின்னால் நிற்பவர் கூலி வேலை செய்பவராக இருந்தாலும் சரி, திருத்தும் உரிமை அவருக்கு உண்டு. தொழுகை இமாமுக்கு மட்டும் சொந்தமானதன்று. ஸஃப்பில் நிற்கும் அனைவருக்கும் அது சொந்தம். ஆகவே அதில் நேரும் பிழையும் அனைவரையும் பாதிக்கும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை நான்கு ரக்அத் தொழுகையில் இரண்டாம் ரக்அத்திலேயே ஸலாம் கொடுத்துவிட்டார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது. அந்த ஜமாஅத்தில் அபூபக்கர் (ரலி) அவர்களும் உமர் (ரலி) அவர்களும் இருந்தார்கள். மரியாதை மேலீட்டால் அவ்விருவரும் பேசவில்லை. துல்யதைன் என்று அழைக்கப்பட்ட ஒரு தோழரே எழுந்து, தொழுகை சுருக்கப்பட்டுவிட்டதா, அல்லது தாங்கள் மறந்தீர்களா என்று வினவினார். நாயகம் (ஸல்) அவர்கள் மற்றவர்களிடம் அதனைக் கேட்டு உறுதிசெய்துகொண்டு, எஞ்சியதைத் தொழுது, மறதிக்கான ஸஜ்தாவும் செய்தார்கள்.

இந்த ஹதீஸிலிருந்து எழும் சட்டங்களை ஃபிக்ஹ் நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. நாம் இங்கே கவனிக்க வேண்டியவை மூன்று. பெரியவர்கள் தயங்கியபோது பேசியவர் ஒரு சாதாரணத் தோழர். குற்றம் சாட்டும் தொனியில் அவர் பேசவில்லை, கேள்வியாகக் கேட்டார். கேட்கப்பட்டவர்களோ சினம் கொள்ளவில்லை; மேலும் பலரை விசாரித்துப் பிறகு திருத்திக்கொண்டார்கள். எழுத்தைத் திருத்துவோரும் திருத்தப்படுவோரும் பேண வேண்டிய ஒழுக்கம் முழுவதும் இந்த ஒரு நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது.

மதரஸாவில் ஓதிய காலத்தில் நாமும் இந்த ஒழுங்கிலேயே வளர்ந்தோம். உஸ்தாதின் முன் அமர்ந்து கித்தாபின் இபாரத்தைப் படிப்போம். ஒரு ஸபர் ஸேராக மாறினாலும் உஸ்தாதின் விரல் உயரும். மாலையில் மாணவர்கள் வட்டமாக அமர்ந்து தக்ரார் செய்வோம். ஒருவர் விட்டதை மற்றவர் பிடிப்பார். ஆனால் ஸனது பெற்று வெளியே வந்த நாள்முதல் நம்மைத் தடுத்து நிறுத்துவோர் இல்லாமற் போயினர். குத்பா ஓதப்படும்போது மக்கள் பேசலாகாது. அதற்கு முன் நிகழ்த்தும் பயானிலும் எழுந்து நின்று தடுப்பார் யாருமில்லை. இவ்வாறு பல ஆண்டுகள் தடையின்றிப் பேசியும் எழுதியும் பழகியவருக்குத் தம் பிழை தமக்குத் தெரியாமலேயே போய்விடும். இதனை நாம் நூலில் படித்து அறியவில்லை, பட்டு அறிந்தோம்.

நாம் செய்த பிழை

முன்பு வேறோர் ஊரில் நாம் பணியாற்றியபோது, ரமளானில் உதவி நிதி திரட்ட ஒரு நோட்டீஸ் எழுதினோம். மக்களின் உள்ளம் இளக வேண்டுமென்பது நம் நோக்கம். ஆகவே மஹல்லாவில் ஆதரவற்றிருக்கும் ஒரு குடும்பத்தின் நிலையை எடுத்துக்காட்டாக விவரித்தோம். பெயரைக் குறிப்பிடவில்லை. அதனால் தவறேதும் செய்யவில்லை என்ற நிம்மதி நமக்கு இருந்தது. ஐந்நூறு பிரதிகள் அச்சாகி ஜுமுஆவில் வழங்கப்பட்டன. வசூலும் நன்றாகவே இருந்தது.

அந்த வீட்டு மூத்த பெண் மக்தபில் சிறு பிள்ளைகளுக்கு அலிஃப், பே சொல்லிக் கொடுத்து வந்தவர். மறுநாள் அவர் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. பள்ளிக்கு எதிரே தையல் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர், அஸருக்குப் பிறகு நம்மைத் தனியே அழைத்து, "ஹஜ்ரத், நீங்கள் பேரை எழுதவில்லை. ஆனால் வீட்டு வாசலைக் காட்டிவிட்டீர்களே! அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு தடவை படித்துக் காட்டியிருந்தால் நானே சொல்லியிருப்பேனே" என்றார்.

அவர் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஏழாண்டு ஓதிய நமக்குத் தெரியாதது அவருக்கு ஒரே வாசிப்பில் தெரிந்தது. நம் வீட்டாரையும் உடன் அழைத்துச் சென்று அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் கதவுக்குப் பின்னால் நின்றபடி, "உதவி வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நாங்கள் இல்லை ஹஜ்ரத். அதை ஊரறியச் செய்யாமல் இருந்திருக்கலாம்" என்று மட்டும் கூறினார். அந்தப் பெண் மக்தபுக்குத் திரும்ப ஐந்து மாதங்கள் ஆயின. எழுத்தில் செய்த பிழைக்கு ஸஜ்தா ஸஹ்வு கிடையாது என்பதை அன்று உணர்ந்தோம்.

இந்த நிகழ்ச்சியை உங்களிடம் சொல்வதற்கு முன், எழுதி எங்கள் குழுவில் படித்துக் காட்டினோம். இரண்டு விவரங்களை நீக்கச் சொன்னார்கள். அவை இருந்தால் அக்குடும்பத்தை மீண்டும் அடையாளம் காட்டிவிடும் என்றார்கள். நீக்கிவிட்டோம். இவ்வளவு பட்ட பிறகும் நமக்கு அது தோன்றவில்லை என்பதைக் கவனியுங்கள்.

முன்னோர் சென்ற வழி

எழுதியதை ஒப்பிட்டுப் பார்ப்பது நமக்குப் புதிய செய்தியன்று. ஒவ்வொரு ரமளானிலும் ஜிப்ரீல் (அலை) அவர்கள் வந்து நாயகம் (ஸல்) அவர்களோடு திருக்குர்ஆனை ஓதிப் பார்த்தார்கள். நாயகம் மறைந்த ஆண்டில் அது இருமுறை நிகழ்ந்தது. வஹீயை எழுதிய ஸைது பின் ஸாபித் (ரலி) அவர்களை, எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டு, விடுபட்டதை நாயகம் (ஸல்) அவர்கள் சரிசெய்வார்கள் என்றும் அறிவிக்கப்படுகிறது. உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சியில் திருக்குர்ஆன் பிரதிகளை எழுதும் பொறுப்பு ஒருவரிடம் மட்டும் விடப்படவில்லை. ஸைது பின் ஸாபித், அப்துல்லாஹ் பின் ஸுபைர், ஸயீத் பின் ஆஸ், அப்துர் ரஹ்மான் பின் ஹாரிஸ் (ரலி) ஆகிய நால்வரிடம் ஒப்படைக்கப்பட்டது. இறைவனின் வார்த்தையில் குறையேதும் இல்லை. எழுதும் மனிதக் கை தவறிவிடக் கூடாதே என்பதற்காகத்தான் இத்துணைக் காவல். குறையற்ற வேதத்தை எழுதவே நால்வர் கூடினார்கள் என்றால், குறைகள் நிறைந்த நம் சொந்த எழுத்துக்கு எத்தனை பேர் வேண்டும்?

ஹதீஸ் அறிஞர்கள் இதனை ஒரு கலையாகவே வளர்த்தார்கள். மூலத்தோடு ஒப்பிடுவதை முகாபலா என்றார்கள். உர்வா பின் ஸுபைர் (ரஹ்) அவர்கள் தம் மகன் ஹிஷாமிடம், எழுதிய பின் ஒப்பிட்டுப் பார்த்தாயா என்று வினவி, இல்லை என்றதும், அப்படியானால் நீ எழுதவே இல்லை என்னும் பொருள்படக் கூறினார்கள். ஒரு ஹதீஸுக்கும் அடுத்ததற்கும் இடையில் சிறு வட்டம் இடுவது அக்கால வழக்கம். அந்த வட்டத்தை வெறுமையாக விட்டுவைத்து, ஒப்பிட்டு முடித்த பின்னரே நடுவில் ஒரு புள்ளி வைக்க வேண்டும் என்பது கதீபுல் பக்தாதி (மறைவு ஹி. 463, கி.பி. 1071) அவர்களின் அறிவுரை. புள்ளியில்லாத வட்டம், இன்னும் யாரும் சரிபார்க்கவில்லை என்பதற்கு அடையாளம். நம் நோட்டீஸ்களிலும் அப்படி வட்டமிட்டால் எத்தனை வட்டங்களில் புள்ளி இருக்கும்?

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் ஒரு மஸ்அலாவை மாணவர்களின் சபையில் வைத்து விவாதித்த பிறகே பதிவுசெய்யச் சொல்வார்கள். ஆஃபியா என்னும் மாணவர் வராதிருந்தால், அவர் வரும்வரை முடிவெழுத வேண்டாம் என்பார்கள் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் 'ரிஸாலா'வை அவர்களிடமே எண்பது முறை படித்துக் காட்டியதாகவும், ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஒரு பிழை கண்டதாகவும் அவர்களின் மாணவர் முஸனீ (ரஹ்) கூறியுள்ளார்கள்.

இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் 'ஸஹீஹ்' நூலை அஹ்மத் பின் ஹன்பல், யஹ்யா பின் மயீன், அலீ பின் மதீனீ (ரஹ்) ஆகியோரிடம் காட்டியதாக அறிவிக்கப்படுகிறது. நான்கு ஹதீஸ்கள் நீங்கலாக மற்றவற்றை அவர்கள் ஏற்றார்கள். அந்த நான்கிலும் புகாரி அவர்களின் முடிவே சரியானது என்பது உகைலீ (ரஹ்) அவர்களின் கூற்று. இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. எத்தகைய பேரறிஞரும் தம் எழுத்தைப் பிறர் பார்வைக்கு வைக்க வேண்டும். அதே சமயம், பிறர் சொன்ன ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டும் என்பதில்லை.

நம் தமிழிலும் இவ்வழக்கம் தொன்மையானதே. தொல்காப்பியத்தின் பாயிரம், அந்நூல் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் என்னும் ஆசிரியர்க்குப் படித்துக் காட்டப்பெற்ற செய்தியைத் தருகிறது. தமிழ்ப் புலமையில் குறைவில்லாத உமறுப்புலவரும், நாயகத்தின் வாழ்க்கைச் செய்திகளுக்காகச் சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களை நாடிச் சென்றார் என்பது நம் பெரியோர் வழிவழியாகக் கூறிவரும் வரலாறு.

குழு எவ்வாறு நடைபெறுகிறது?

அந்தத் தையற்காரப் பெரியவரோடும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரோடும் அன்று தொடங்கியதையே இந்த மஹல்லாவிலும் ஈராண்டுகளாகத் தொடர்ந்து வருகிறோம். ஐந்து பேர். மாதம் இருமுறை சனிக்கிழமை இஷாவுக்குப் பிறகு, பள்ளியின் அலுவலக அறையில் ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான். எழுதியவர் தம் எழுத்தை உரக்கப் படிப்பார். கண் தாண்டிச் செல்லும் பிழை நாவில் தடுக்கும். படித்து முடித்தபின் அவர் பேசாமல் கேட்க வேண்டும், விளக்கம் சொல்லலாகாது. ஏனெனில் நாளை இதைப் படிப்பவரின் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல அவரால் இயலாது. கேட்டவர்கள் முதலில் தமக்கு என்ன புரிந்தது என்பதைக் கூறுவார்கள். பிறகு எந்த இடத்தில் நின்றுவிட்டோம், எது ஐயமாக இருக்கிறது என்று கேள்வியாகக் கேட்பார்கள். திருத்தம் கூறுவது அதன் பின்னரே.

சென்ற ஆண்டு மலருக்காக ஜவுளிக் கடையில் பணிபுரியும் சகோதரர் ஒருவர் ஜகாத் பற்றி எழுதினார். ஏழரைத் தோலா தங்கம் இருந்தால் ஜகாத் கடமை என்றிருந்தது. கல்லூரியில் படிக்கும் தம்பி, "தோலா என்றால் என்ன?" என்று கேட்டார். 87.48 கிராம், அதாவது ஏறத்தாழ 11 பவுன் என்று அந்த வரி மாறியது. அணியும் நகைக்கும் ஜகாத் கடமை என்று அடுத்த வரி. கடலோர ஊரிலிருந்து இங்கு வந்து குடியேறிய ஒருவர், "நாங்கள் ஷாஃபிஈ மத்ஹப். எங்களுக்கு அணியும் நகையில் சட்டம் வேறாயிற்றே" என்றார். ஹனஃபீ மத்ஹபில் கடமை. ஷாஃபிஈ மத்ஹபில், ஆகுமான முறையில் அணியும் நகைக்கு ஜகாத் இல்லை. அந்த வேறுபாட்டை விளக்கி இரண்டு வரிகள் சேர்த்தோம். சேர்க்காமல் அச்சிட்டிருந்தால், நம் மஹல்லாவின் இருபது முப்பது வீடுகளில் வீணான குழப்பம் விளைந்திருக்கும்.

மற்றோர் இளைஞர், வளைகுடாவில் இருபத்திரண்டு ஆண்டுகள் உழைத்துத் திரும்பிய தம் வாப்பாவைப் பற்றி எழுதிவந்தார். இரண்டு பக்கம் முழுவதும் தியாகம், தியாகம் என்றே இருந்தது. யாருக்கும் மனத்தில் பதியவில்லை. "ஊருக்கு வந்த முதல் வாரம் அவர் என்ன செய்தார்?" என்று ஒருவர் கேட்டார். சற்று யோசித்து, "தம் சட்டை எந்த அலமாரியில் இருக்கிறதென்று எங்களிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்" என்றார் அந்த இளைஞர். அறையில் யாரும் பேசவில்லை. அதை எழுதுங்கள் என்றோம். எழுதினார். 'வாப்பா' என்பதைத் 'தந்தை' என மாற்றினால் இலக்கியமாக இருக்குமே என்று நாம் சொன்னதை மட்டும் அவர் ஏற்கவில்லை. அவர் செய்ததே சரி.

மூன்று தயக்கங்கள்

பலர் வரத் தயங்குகிறார்கள். தயக்கங்கள் மூன்று. முதலாவது வெட்கம். நம் எழுத்தைக் கேட்டு நாலு பேர் சிரிப்பார்களோ என்ற அச்சம். ஆகவே எங்கள் குழுவில் மூன்று நிபந்தனைகள் வைத்திருக்கிறோம். எழுத்தைப் பேசலாம், எழுதியவரைப் பேசலாகாது. கேலி கூடாது. அறைக்குள் படித்தது அமானிதம். அது வெளியே போகலாகாது. ஒருவர் இல்லாத இடத்தில் அவர் எழுத்தைக் குறைகூறித் திரிவது புறம் பேசுவதாகும். அவர் முன்னிலையில், அவர் கேட்டுக்கொண்டபடி, நன்மை நாடிக் கூறுவது நஸீஹத் ஆகும். இரண்டிற்கும் உள்ள தூரம் பெரிது.

இரண்டாவது தயக்கம், நமக்கு என்ன தகுதி இருக்கிறது, படித்தவர்களைத் திருத்த நாம் யார் என்பது. துல்யதைன் அவர்களை நினைவுகூருங்கள். தையற்காரப் பெரியவரை நினைவுகூருங்கள். எழுத்தைத் திருத்த இலக்கணம் கற்றவர்கள் தேவைதான். ஆனால் "எனக்கு இது புரியவில்லை", "இது ஒருவர் மனத்தைப் புண்படுத்தும்" என்று சொல்வதற்கு நேர்மை ஒன்றே போதும்.

மூன்றாவது, எழுதியவரின் தன்முனைப்பு. வெளிப்படையாகச் சொல்கிறோம், இது நம்மிடமும் இருந்தது, இன்றும் முற்றாகப் போய்விடவில்லை. திருத்தம் கேட்ட இரவில் உறக்கம் வராது. மறுநாள் ஃபஜ்ருக்குப் பிறகு அதே தாளை எடுத்துப் பார்த்தால், அவர்கள் சொன்னதில் பெரும்பகுதி சரியென்று தோன்றும். லுக்மா பெற்ற இமாம் தொழுகைக்குப் பின் சண்டையிட்டால் அவரைப் பற்றி நாம் என்ன நினைப்போம்? லுக்மா கொடுப்பவரும் அவசரப்படலாகாது, இமாம் தாமே நினைவுகூர இடம் தர வேண்டும் என்று ஃபிக்ஹ் அறிஞர்கள் கூறியிருப்பதை இரு தரப்பாரும் நினைவில் கொள்ள வேண்டும்.

வேண்டுகோள்

ஜமாஅத்தார்களிடம் நாம் வைக்கும் வேண்டுகோள் இவைதாம். ஜமாஅத் பெயரில் வெளிவரும் எந்த அறிவிப்பும், அது நாம் எழுதியதாகவே இருந்தாலும், குறைந்தது மூன்று பேர் முன்னிலையில் படிக்கப்பட்ட பின்னரே அச்சுக்குச் செல்ல வேண்டும் என்று நிர்வாகக் குழு முடிவெடுக்க வேண்டும். அம்மூவரில் ஒருவர், உதவி பெறுவோரின் நிலையை அறிந்த எளிய மனிதராக இருக்கட்டும். ஒருவர் இளைஞராக இருக்கட்டும். பெண்களைப் பற்றிய செய்தியாயின் பெண்கள் மதரஸாவின் ஆலிமா ஒருவரின் பார்வைக்கும் அது செல்லட்டும்.

அடுத்து, எழுத விரும்பும் இளைஞர்கள் எங்கள் குழுவில் சேர வாருங்கள். ஏழு பேருக்கு மேல் ஆகிவிட்டால் இன்னொரு குழுவாகப் பிரித்துக்கொள்வோம்; கூட்டம் பெருகினால் யாருக்கும் நேரம் கிடைக்காது. சகோதரிகள் தங்களுக்குள் தனியே ஒரு குழுவைத் தொடங்குங்கள். வெளிநாட்டில் இருப்போர் தம் எழுத்தைக் குரலில் பதிவுசெய்து அனுப்பினாலும் கேட்டுக் கருத்துக் கூறுவோம். இதற்குப் பெரும் செலவில்லை. ஒரு விளக்கு, ஒரு பாய், ஒரு கெட்டில் தேநீர், பொறுமையாகக் கேட்கும் நாலு பேர்.

தையல் கடைப் பெரியவர் இன்று நம்மோடு இல்லை. அல்லாஹ் அவரது கப்ரை ஒளிமயமாக்குவானாக! எழுதி முடித்த ஒவ்வொரு தாளின் அடியிலும் நாம் இன்று ஒரு சிறு வட்டம் இடுகிறோம். நாலு பேர் கேட்ட பின்னரே அதில் புள்ளி வைக்கிறோம். இந்த உரையின் கைப்பிரதியிலும் புள்ளி வைத்த பிறகே உங்கள் முன் வந்தோம்.

வல்ல ரஹ்மான் நம் நாவினாலும் எழுதுகோலாலும் எவர் உள்ளமும் புண்படாமல் காத்தருள்வானாக! திருத்திக் கூறும் துணிவையும், திருத்திக்கொள்ளும் பணிவையும் நம் அனைவர்க்கும் வழங்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.